தண்டு முறிந்தால்

மணலியில் என் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் துறைமுகத்துக்கு ஓடும் டிரெய்லர்கள். ஸ்பிரிங் பட்டை உடைந்த வண்டி வந்து நின்றால் பசங்க ஆரம்பித்துவிடுவார்கள்: "அண்ணே, டாங்கில பட்டை உடைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

டாங்கில் பட்டையே கிடையாது. ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஈ.எம்.இ. பிரிவில் இருந்தபோது ராஜஸ்தான் மணலில் நான் பார்த்தவை டி-72 வண்டிகள். பக்கத்துக்கு 6 சக்கரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு டார்ஷன் பார், அதாவது வண்டியின் அடியில் குறுக்கே கிடக்கும் எஃகுத் தண்டு. சக்கரம் மேட்டில் ஏறினால் தண்டு முறுக்கிக்கொள்ளும், இறங்கினால் பிரியும். (வண்டி என்னவோ நம்ம ஆவடியில் செய்தது. வியாசர்பாடிக்காரன் அதன் அடியில் படுக்க ராஜஸ்தான் வரை போனேன்.)

தண்டு முறிந்த சக்கரம் பாரம் தாங்காது. கடப்பாரையால் நெம்பினால் லேசாக எழும்பும், அதுதான் அடையாளம். முறிந்த பாதி சக்கரத்தின் பக்கமாகவே வந்துவிடும். மறுபாதி எதிர்ப்பக்கத்துப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதை எடுப்பதற்குள் உயிர் போய்விடும். புதுத் தண்டில் இடது, வலது பார்த்துப் போட வேண்டும். ஒரு திசையில் முறுக்கிப் பழக்கித்தான் அனுப்புகிறார்கள், மாற்றிப் போட்டால் சீக்கிரம் போய்விடும். மேலே சின்னக் கீறல் விழுந்தாலும் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அதனால் எங்கள் ஹவில்தார் சாப் தண்டுக்குப் பக்கத்தில் சம்மட்டியைக் கொண்டுவரவே விடமாட்டார்.

இதெல்லாம் நேரமும் உதிரியும் இருந்தால். இல்லையென்றால் எதைச் சரிசெய்வது என்று யோசிக்கக் கூடாது, எதை விட்டுவிட்டு நகரலாம் என்று பார்க்க வேண்டும். நடுச் சக்கரம் என்றால் அதைத் தாங்கும் கையை மேலே தூக்கி ஒயர் ரோப்பால் இறுக்கிக் கட்டினால் போதும், மற்ற ஐந்தும் இழுத்துக்கொண்டு போகும். முன் சக்கரம்தான் தலைவலி. அதோடு ஐட்லரும் (டிராக்கை, அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் சங்கிலியை, முன்னால் தாங்கித் திருப்பும் சக்கரம்) அடிபட்டிருந்தால் டிராக்கைப் பிரித்து, சில கண்ணிகளைக் கழற்றி, அடுத்த நல்ல சக்கரத்தைச் சுற்றியே மூட்டிவிடுவோம். டி-72-க்கு இழுக்கும் பல்சக்கரம் பின்னால் இருப்பதால் இது நடக்கும்.

அப்படி மூட்டிய வண்டியை வெட்டித் திருப்பினால் டிராக் கழன்றுவிடும். அகலமாக வளைத்து, நடை வேகத்தில், நேராக ஒர்க்ஷாப்புக்குத்தான் போக வேண்டும். நம்ம டிரெய்லர்காரர்கள் சங்கிலி கட்டிய பட்டையோடு இன்னொரு லோடு அடிக்கப் பார்ப்பார்கள். அங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கழற்றிய கண்ணிகளையும் மறக்காமல் வண்டி மேலேயே ஏற்றிவிட வேண்டும். மணலில் விட்டுவிட்டு வந்தால் ஸ்டோரில் கணக்குக் கேட்பார்கள்.