எலித் தமனியைத் தைக்கப் பழகுபவர்களுக்கு

மைக்ரோசர்ஜரி (நுண்ணோக்கி வழியே பார்த்துச் செய்யும் அறுவை) பயிற்சியின் செய்முறைத் தேர்வில், வெட்டிய இரு முனைகளையும் சேர்த்து நான் தைத்த எலித் தமனி வெளியிலிருந்து பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ரத்தத்தை நிறுத்தி வைத்திருந்த கிளாம்பை எடுத்துக் கொஞ்ச நேரத்திலேயே அடைத்துக்கொண்டது. அந்தத் துண்டை வெட்டி நீளவாக்கில் பிளந்து பார்த்தால், ஒரு தையலில் ஊசி பின்சுவரையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அதற்கப்புறம் எவ்வளவு நல்ல முடிச்சுப் போட்டாலும் ரத்தம் போக வழி ஏது?

எலியின் தொடைத் தமனி சுமார் 1 மி.மீ. விட்டம்தான், தைக்கும் 10-0 நைலான் நூலோ தலைமுடியைவிட மெல்லியது. அதனால் வேகத்தை மறந்துவிட்டு, ஒவ்வொரு முறை ஊசி நுழையும்போதும் குழாயின் உள்வாய் கண்ணுக்குத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரியவில்லை என்றால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த உப்புநீரைப் பீய்ச்சுங்கள், வாய் விரிந்து கொடுக்கும். மூன்று இடத்தில் நூல் போட்டு இழுத்து வட்டத்தை முக்கோணமாக்கும் முறையை பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலெக்ஸி காரெல் 1902-இலேயே எழுதிவிட்டார் (லியோன் நகரில் பூத்தையல் செய்யும் ஒரு பெண்ணிடம் அவர் தையல் கற்றதாகச் சொல்வார்கள், 1912-இல் நோபல் பரிசும் வாங்கினார்). இவ்வளவு சின்னக் குழாயில் எனக்குக் கைகொடுத்தது, முதல் இரண்டு தையலையும் நேர் எதிரெதிரே போடாமல் 120 பாகை இடைவெளியில் போடுவது. பின்சுவர் தானாகத் தொங்கி விலகி நிற்கும், ஊசி அதில் மாட்டாது.

அடுத்தது, வெட்டு முனையில் தொங்கும் அட்வென்டீஷியா, அதாவது தமனியின் வெளிப்படலம். அதை இழுத்து நறுக்காமல் விட்டால் நூலோடு சேர்ந்து உள்ளே போய்விடும், அங்கேதான் ரத்தம் உறையத் தொடங்கும். சுவரின் முழுக் கனத்தையும் இடுக்கியால் கவ்வாதீர்கள், வெளிப்படலத்தை மட்டும் பிடியுங்கள்.

எட்டுத் தையல் முடிந்ததும் ரத்தம் போகும் கீழ்ப்பக்கக் கிளாம்பை முதலில் எடுங்கள், அப்புறம் ரத்தம் வரும் மேல்பக்கம். லேசாகக் கசிந்தால் உடனே இன்னொரு தையல் போட ஓடாதீர்கள், ஈரப் பஞ்சை மெல்ல வைத்து இரண்டு நிமிடம் பொறுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். ரத்தம் போகிறதா என்று பார்க்க, தையலுக்குக் கீழே இரண்டு இடுக்கியால் பிடித்து, நடுவிலுள்ள ரத்தத்தை வழித்துவிட்டு, தையல் பக்கத்து இடுக்கியை விடுங்கள். சட்டென்று நிரம்பினால் குழாய் திறந்திருக்கிறது. குழாயை அடிக்கடி நசுக்கும் சோதனை இது, அளவோடு செய்யுங்கள்.

சிலிகான் குழாயிலும் கோழித்தொடைத் தமனியிலும் தைத்து, ஒவ்வொன்றையும் பிளந்து உட்புறத்தைப் பாருங்கள். பின்சுவர் மாட்டாமல் தொடர்ந்து பத்து வந்த பிறகுதான் நான் மறுபடி எலிக்குப் போனேன். அது உயிருள்ள பிராணி, நம் கைப்பழக்கத்துக்காக மயக்கத்தில் கிடக்கிறது.