கோர்ஸுக்குப் பணம் இருக்கிறது, போகத்தான் நேரமில்லை

சில வருடங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், நிதியாண்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போது தவறாமல் எச்.ஆரிலிருந்து ஒரு மெயில் வரும். எல்லோரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டிய இரண்டு நாள் பயிற்சி. ஒரு வருடம் தலைப்பு என்ன தெரியுமா? நேர மேலாண்மை. கணக்கு முடிக்கும் நெருக்கடியில் தலைக்கு மேல் வேலை கிடக்க, நாற்பது பேர் ஒரு ஹாலில் உட்கார்ந்து நேரத்தை மிச்சப்படுத்துவது எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தோம். யார் கேட்டார்கள் இந்தப் பயிற்சியை என்று இடைவேளையில் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. யாரும் கேட்கவில்லை. பயிற்சிக்கென்று அரசுத் திட்டத்தில் கம்பெனி பெயரில் இருந்த தொகை அந்த மாதத்தோடு காலாவதியாகிறது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து இந்தத் திட்டங்களைப் பற்றி எங்கே எது கண்ணில் பட்டாலும் உட்கார்ந்து படித்துவிடுவேன். கொஞ்சம் கிறுக்குத்தனமான பொழுதுபோக்குதான்.

ஊழியருக்குக் கற்றுக்கொடுக்க அரசு ஏன் காசு போட வேண்டும், முதலாளியே செய்யலாமே என்று தோன்றும். கேரி பெக்கர் என்ற பொருளாதார அறிஞர் 1960களிலேயே இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். உங்கள் கம்பெனியில் மட்டும் ஓடும் ஒரு மெஷினைப் பழக்கிவிட முதலாளி செலவு செய்வார், ஏனென்றால் அந்தத் திறமையை எடுத்துக்கொண்டு நீங்கள் வேறு எங்கும் போக முடியாது. வெல்டிங்கோ புரோகிராமிங்கோ கற்றுக்கொடுத்தால் அடுத்த மாதமே பக்கத்துக் கம்பெனி கூடுதல் சம்பளம் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும். நான் கற்றுக்கொடுக்க அவன் அனுபவிப்பதா என்று ஒவ்வொருவரும் நினைத்தால் யாரும் யாருக்கும் எதையும் கற்றுத்தர மாட்டார்கள்.

அதனால் பல அரசுகள் எல்லா முதலாளிகளிடமும் சம்பளச் செலவில் ஒரு சிறு பங்கை லெவியாக, அதாவது வரி மாதிரிக் கட்டாயமாக, வாங்கி, பயிற்சி கொடுப்பவர்களுக்கு அதிலிருந்து திருப்பித் தருகின்றன. சிங்கப்பூரில் இது 1979லிருந்து இருக்கிறது, மாதச் சம்பளத்தில் 0.25%. மலேசியாவில் பத்தோ அதற்கு மேலோ உள்நாட்டுத் தொழிலாளர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் 1% கட்டுகின்றன. பிரிட்டன் அப்ரண்டிஸ்களுக்காக, அதாவது வேலை பார்த்துக்கொண்டே தொழில் கற்பவர்களுக்காக, 2017 ஏப்ரலில் ஆரம்பித்தது, ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்களுக்கு 0.5%. கட்டிய பணம் நிறுவனத்தின் கணக்கிலேயே நிற்கும், ஆனால் 24 மாதத்துக்குள் செலவழிக்காவிட்டால் கை நழுவிவிடும் என்று ஒரு விதி வைத்தார்கள். கெடு வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத்தான் எங்கள் நேர மேலாண்மை வகுப்பு சாட்சி! பிரிட்டனில் இன்னும் ஒரு படி மேலே போய், ஏற்கெனவே நல்ல சம்பளத்தில் இருந்த மேலாளர்களை எம்.பி.ஏ. படிக்க அனுப்பி, அதையும் அப்ரண்டிஸ் கணக்கில் சேர்த்தார்கள் சிலர். அப்போதைய விதிப்படி அதில் தப்பே இல்லை. படித்தவர்களுக்கே மேலும் படிப்பு, லாரியில் சரக்கு ஏற்றுகிறவருக்கு ஒன்றுமில்லை.

சரி, முதலாளி கையில் கொடுத்தால்தானே இப்படி, தொழிலாளி கையிலேயே கொடுத்துவிடலாம் என்று சில நாடுகள் அடுத்த வழிக்குப் போயின. பிரான்சில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயிற்சிக் கணக்கு உண்டு. 2019லிருந்து அதில் வருடத்துக்கு 500 யூரோ ஏறும், மொத்தம் 5,000 வரை, படிப்பு குறைவாக உள்ளவர்களுக்கு வருடத்துக்கு 800, மொத்தம் 8,000. வேலை மாறினாலும் கணக்கு உங்களோடு வரும். மொபைல் ஆப்பிலேயே கோர்ஸைத் தேடிச் சேர்ந்துவிடலாம், மேனேஜரிடம் போய் நிற்க வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஆனால் கோடிக்கணக்கான பேருடைய கணக்கில் பணம் கிடக்கிறது என்று தெரிந்தால் யார் முதலில் ஓடி வருவார்கள்? பிரிட்டன் 2000 செப்டம்பரில் இதே மாதிரி ஒரு தனிநபர் கணக்கைத் தொடங்கி, மோசடி தாங்காமல் அடுத்த வருடம் நவம்பரிலேயே இங்கிலாந்தில் இழுத்து மூடியது. சிங்கப்பூரில் 25 வயது நிரம்பிய குடிமக்களுக்குப் பயிற்சிக்கென்று 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தார்கள். 2017ல் ஒரு கும்பல் போலிக் கம்பெனிகளை வைத்து, நடக்காத வகுப்புகளுக்குக் கிளெய்ம் போட்டு கிட்டத்தட்ட 4 கோடி வெள்ளி சுருட்டியது வெளியே வந்தது. பிரான்சில் போன் மேல் போன் போட்டு "உங்கள் கணக்கு காலாவதியாகப் போகிறது" என்று பயமுறுத்தி ஆள் பிடித்தார்கள், கடைசியில் 2022ல் அப்படி அழைப்பதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 2024 மே மாதத்திலிருந்து, வேலை தேடுபவர்கள் போன்ற சிலரைத் தவிர, கோர்ஸ் எடுப்பவர் கையிலிருந்து 100 யூரோ போட வேண்டும் என்றும் ஆக்கிவிட்டார்கள். திருடனைப் பிடிக்க வைத்த பூட்டு, உண்மையாகப் படிக்க வருகிறவரையும் கொஞ்சம் வெளியே நிறுத்தத்தான் செய்யும்.

மோசடி, கெடு எல்லாம் பேப்பரில் வருகிற விஷயங்கள். என்னைக் கேட்டால் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை கோர்ஸ் கட்டணத்தைத்தான் கொடுக்கின்றன. ஷிப்டில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கட்டணம் சின்னச் செலவு. வகுப்புக்குப் போகும் நேரத்தில் வராமல் போகிற சம்பளம், வீட்டில் குழந்தையை யார் பார்ப்பது, தன் இடத்தில் யார் நிற்பது, இதெல்லாம்தான் பெரிய செலவு. இந்தச் செலவுகளுக்கு விண்ணப்பப் படிவத்தில் கட்டமே கிடையாது.

இதைப் புரிந்துகொண்ட நாடுகளும் உண்டு. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் படிப்பதற்கென்றே வருடத்துக்கு ஐந்து நாள் சம்பளத்தோடு விடுப்பு கேட்கலாம், அது வேலைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட படிப்பாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உரிமை இருந்தும் எடுப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். மேனேஜர் முகத்தை நினைத்துக்கொண்டு கேட்காமல் இருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் போல. சிங்கப்பூர் 2024ல் நாற்பது வயது நிரம்பியவர்களுக்கு 4,000 வெள்ளி கூடுதலாகக் கொடுத்தது, அதைவிட முக்கியமாக, முழுநேரப் படிப்பில் சேர்ந்தால் அவர் வாங்கிவந்த சராசரிச் சம்பளத்தில் பாதியை, மாதம் 3,000 வெள்ளி வரை, 24 மாதம் வரைக்கும் தரும் ஒரு திட்டத்தையும் அறிவித்தது. நாற்பதைத் தாண்டியவனுக்கு வீட்டுக்கடனும் பள்ளிக் கட்டணமும் இருக்கும் என்று யாரோ ஒருவர் அந்த அலுவலகத்தில் யோசித்திருக்கிறார்.

இந்தியத் திட்டங்களில் என்னைக் கவர்ந்தது வேறு ஒன்று. 2015ல் வந்த பிரதமரின் கௌஷல் விகாஸ் யோஜனா என்ற திறன் பயிற்சித் திட்டத்தில், ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் பிரிவு ஒன்று இருக்கிறது. இருபது வருடமாகச் சுவர் கட்டுகிற கொத்தனாரை மறுபடி மாதக்கணக்கில் வகுப்பில் உட்காரவைக்காமல், உனக்குத் தெரிந்ததைக் காட்டு என்று கேட்பது நல்ல மரியாதை. மேஸ்திரி அந்தக் காகிதத்தைப் பார்த்துக் கூலியை ஏற்றுவாரா என்பது தனிக் கதை.

உங்கள் கம்பெனி இப்படி ஒரு பயிற்சிக்கு உங்களை அனுப்பினால் இரண்டு கேள்வி கேளுங்கள். வகுப்பு நேரம் வேலை நேரமாகக் கணக்கில் வருமா? இத்தனை வருடம் விலகக் கூடாது என்று பாண்டில் கையெழுத்துக் கேட்டால், அதில் போட்டிருக்கும் தொகை கம்பெனி உண்மையில் செலவழித்ததா, அல்லது அரசு கொடுத்ததையும் சேர்த்தா? இரண்டாவதை நான் கேட்டபோது எச்.ஆர். பையன் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினான், அப்புறம் வந்த பாண்டில் தொகை பாதியாகியிருந்தது.

அதே நிறுவனத்தின் கிடங்கில் ஒரு அக்கா இருந்தார். ஸ்டாக் கணக்குப் பிரிவுக்கு மாற வேண்டும் என்று ஆசை, அதற்கு ஒரு எக்செல் கோர்ஸ், சனிக்கிழமை வகுப்பு, பத்து வாரம். கட்டணம் முழுவதையும் திட்டமே கொடுத்தது, ஒரு படிவம், நான்கு நாளில் வேலை முடிந்தது. ஆனால் சனிக்கிழமைதான் கிடங்கில் சரக்கு வரும் நாள். பத்து சனிக்கிழமைக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்ள மூன்று பேரிடம் பேசி, அதில் ஒருவருக்குத் தீபாவளி விடுப்பை விட்டுக்கொடுத்து, சூப்பர்வைசரைச் சம்மதிக்க வைக்க அவருக்கு மூன்று மாதம் ஆனது.