ஜன்னலுக்கு வந்தவர்கள்

நைரோபியில் மோய் அவென்யூவும் ஹைலே செலாசி அவென்யூவும் சந்திக்கும் மூலையில் ஒரு சிறிய பூங்கா இருக்கிறது. அமெரிக்கத் தூதரகம் இருந்த இடம். மகனைப் பார்க்கப் போனபோது ஒரு காலை முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

1998 ஆகஸ்ட் 7, வெள்ளிக்கிழமை. அல்-கொய்தாவினர் வெடிமருந்து லாரியோடு வந்தார்கள். காவலாளி தடுப்பைத் திறக்க மறுத்தார். உடனே ஒருவன் கையெறி குண்டை வீசினான். அந்தச் சத்தம் கேட்டு, என்னவென்று பார்க்கச் சுற்றியிருந்த அலுவலகங்களில் பலர் ஜன்னலுக்கு வந்தார்கள். அடுத்த சில நொடிகளில் லாரி வெடித்தது. கண்ணாடி முகத்தில் பாய்ந்தது.

கண் மருத்துவமனையில் இருபது ஆண்டுகள் செவிலியாக இருந்தவள் நான். விழியில் ஏறிய ஒரே ஒரு கண்ணாடித் துணுக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அன்று எத்தனை பேர் பார்வையை இழந்தார்கள்!

நைரோபியில் இறந்தவர்கள் 213 பேர். அவர்களில் அமெரிக்கர்கள் 12 பேர்தான். பக்கத்து உஃபுண்டி கட்டடம் அப்படியே சரிந்தது. அதே காலையில் தான்சானியாவின் தார் எஸ் சலாமில் இருந்த அமெரிக்கத் தூதரகத்திலும் குண்டு வெடித்து 11 பேர் மாண்டார்கள்.

சுவரில் பொறித்திருந்த பெயர்களை ஒவ்வொன்றாக, வாய்விட்டே படித்தேன். மகன் அவசரப்படுத்தவில்லை.