கார்கோவுக்கு ஒரு எரர் மெசேஜ் திருத்தம் அனுப்புன கதை

ரஸ்ட்ங்கற புரோகிராமிங் லாங்வேஜக் கத்துக்கற நம்ம பக்கத்துப் பசங்க "ஓப்பன் சோர்ஸ்ல எங்கண்ணா ஆரம்பிக்கறது"ன்னு கேக்கறப்பெல்லாம் நான் கார்கோவப் பாருங்கன்னுதான் சொல்றது, அதாவது ரஸ்டோட பேக்கேஜ் மேனேஜர், நம்ம கோடுக்கு வேணுங்கற லைப்ரரிகள எறக்கிக் கொண்டாந்து சேக்கற சாமான். நான் அங்க போனதுக்குக் காரணம் ரொம்ப சாதாரணமுங்க. எங்கூடு கோபி பக்கம், நெட்டுன்னா போன் ஹாட்ஸ்பாட்தான். முன்னாடியெல்லாம் ஒரு குட்டி லைப்ரரி வேணும்னாலும் கார்கோ மொத தடவ ரஸ்ட் பேக்கேஜெல்லாம் இருக்கற கிரேட்ஸ்.ஐஓ சைட்டோட இண்டெக்ஸ், அதாவது பேக்கேஜ் பட்டியல் முழுசையும் கிட் (கோடோட மாத்தத்தப் பதிஞ்சு வெக்கற டூல்) வழியா எறக்கும், அது எறங்கி முடியறதுக்குள்ள அம்மா காப்பி வெச்சுக் குடுத்து டம்ளரையும் கழுவிக் கவுத்திருப்பாங்க. 2023 ஜூன்ல வந்த ரஸ்ட் 1.70ல ஸ்பார்ஸ் இண்டெக்ஸ்தான் டிஃபால்ட்டுன்னு ஆச்சு, நமக்கு வேணுங்கற பேக்கேஜோட விவரத்த மட்டும் ஹெச்டிடிபில கேட்டு வாங்கிக்கும். அதே லேப்டாப், அதே ஹாட்ஸ்பாட், சட்டுனு முடிஞ்சிருது. இத எப்படிச் செஞ்சாங்கன்னு கோடத் தொறந்து பாக்கப் போனவன்தான் நானு.

மொதல்ல கைப்பழக்கத்துக்குன்னு சொந்தமா ஒரு குட்டி ரிசால்வர் எழுதிப் பாத்தேன். எந்த பேக்கேஜுக்கு எந்த வெர்ஷன்னு முடிவு பண்றதுதான் அதோட வேல, கல்யாணத்துக்கு ஒறம்பரையக் கூப்புடற கணக்குத்தான், பெரியப்பா வந்தா மாமா வரமாட்டாரு, மாமா வரலீன்னா அக்காளும் வராது, அக்கா இல்லாம இணைச்சீரு எப்புடி? எல்லாரையும் ஒத்துப்போக வைக்கற இந்தக் கணக்கு என்பி-கம்ப்ளீட், அதாவது எல்லாத்துக்கும் வேகமா விடை தர்ற குறுக்குவழி இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது, அதனால பெரும்பாலான பேக்கேஜ் மேனேஜருக ஏதோ ஒரு எடத்துல தேடித்தான் ஆகோணும். 2018ல டார்ட்ங்கற லாங்வேஜோட பேக்கேஜ் மேனேஜர் பப்புக்காக நட்டாலி வைசன்பாம் கொண்டாந்த பப்கிரப் அல்காரிதத்துல எனக்குப் புடிச்சது வேகங்கூட இல்லீங்க, ஒத்துவரலீன்னா எது எதோட முட்டிக்கிச்சுன்னு வரிசையாக் காரணம் சொல்லும், பைத்தான்ல இப்ப எல்லாரும் புடிச்சுக்கிட்ட யூவிங்கற பேக்கேஜ் மேனேஜரும் அதத்தான் வெச்சிருக்கு. கார்கோ வேற மாதிரி, முட்டுனா பின்னால வந்து வேற வழி தேடும், ஆனா ஒரே லைப்ரரியோட ரெண்டு மேஜர் வெர்ஷன (1.x, 2.x மாதிரி) ஒரே புராஜெக்ட்ல ஒக்கார வெச்சுரும். பைத்தானோட பிப்புல ஒரு என்விரான்மெண்டுக்கு ஒண்ணுதான்.

அப்பறம் நெச வேலைக்கு வந்தேன். கார்கோவுல எந்த இஷ்யூவ (கிட்ஹப்ல பதிஞ்சிருக்கற குறை) வேணா எடுத்து கோட் அனுப்பிர முடியாதுங்க. "எஸ்-அக்செப்டட்"னு லேபிள் இருந்தாத்தான் புல் ரெக்வெஸ்ட், அதாவது நம்ம திருத்தத்தச் சேத்துக்கச் சொல்ற வேண்டுகோள், போடோணும், அது இல்லீன்னா மொதல்ல இஷ்யூவுலயே பேசி முடிவு பண்ணிக்கோணும்னு அவங்க கைட்லயே எழுதியிருக்குது. ஆரம்பத்துல இது வீண் கெடுபிடியாட்டத் தெரிஞ்சுது, ஆனா இத்தன லட்சம் பேரோட பில்ட் ஓடற சாமான்ல ஒருத்தன் ஆசைக்கு ஒரு ஃப்ளாக் சேத்துட்டா அப்பறம் எடுக்கவே முடியாது, அதனால நாயந்தான். "ஈ-ஈஸி"ன்னும் லேபிள் போட்டிருந்த ஒண்ண எடுத்தேன். வொர்க்ஸ்பேஸ்ல, அதாவது ஒண்ணாச் சேத்துக் கட்டுன புராஜெக்ட்ல, பல பேக்கேஜ் இருக்கறப்ப ஒண்ணோட டோமல் ஃபைல்ல (பேக்கேஜோட பேரு, வெர்ஷன் எழுதற செட்டிங்ஸ் ஃபைல்) தப்பிருந்தா, எந்த ஃபைல்னு சொல்லாம மொட்டையா ஒரு எரர் வரும், அதத் திருத்தோணும். "ரஸ்ட்பாட் க்ளெய்ம்"னு ஒரு கமெண்ட் போட்டா ரஸ்ட்பாட்ங்கற தானியங்கி புரோகிராமே அத நம்ம பேருக்கு எழுதிருது.

திருத்தம் என்னமோ சில வரிதான், நேரமெல்லாம் டெஸ்ட்டுல போச்சு. அங்க ஒரு பழக்கம் இருக்குது, எனக்கு ரொம்பப் புடிச்சுது: மொத கமிட்ல (பதிவு பண்ற ஒரு கட்டு மாத்தம்) டெஸ்ட் மட்டும், அதுவும் இப்ப வர்ற மொட்ட மெசேஜ அப்படியே வெச்சுப் பாஸ் ஆகறாப்புல. அடுத்த கமிட்ல திருத்தம், கூடவே டெஸ்ட்டுல எதிர்பாக்கற மெசேஜும் மாறும். ரிவ்யூ பண்றவரு ரெண்டாவது கமிட்ட மட்டும் பாத்தாப் போதும், பழைய மெசேஜ் செவப்புல, புதுசு பச்சையில, ஒரே பார்வைல முடிஞ்சுது. எதிர்பாக்கற மெசேஜ நாம கையால தட்டவும் வேண்டாம், ஸ்னாப்ஷாட்ட, அதாவது டெஸ்ட்டுல பதிஞ்சு வெச்ச மெசேஜ, ஓவர்ரைட் பண்ணச் சொல்லி ஓட்டுனா அதுவே சோர்ஸ் ஃபைல்ல எழுதிக்கும், ஃபோல்டர் பாத் மட்டும் ஒவ்வொரு மெஷின்லயும் மாறும்ங்கறதால அந்த எடத்துல "ரூட்"னு ஒரு குறி வந்து ஒக்காந்துக்கும். என்ற எட்டு ஜிபி லேப்டாப்ல மொத்த டெஸ்ட்டையும் ஓட்டறதுன்னா ஃபேன் ரைஸ்மில்லு சத்தம் போடும், அதனால பேரச் சொல்லி ஒண்ண மட்டும் ஓட்டுங்க, மீதிய புல் ரெக்வெஸ்ட் போட்டதும் தானா டெஸ்ட் ஓட்டற சர்வர், அதாவது சிஐ, பாத்துக்கும்.

ரிவ்யூவர் வேற தேசத்துல இருக்கறவரு, நான் பொழுதோட அனுப்புனா வெடியால கமெண்ட் கெடக்கும். மெசேஜ் சின்ன எழுத்துல ஆரம்பிக்கோணும், கடைசில புள்ளி வேண்டாம், தப்பு என்னங்கறது "எரர்"ல, செய்ய வேண்டியது "ஹெல்ப்"ல தனியா வரோணும், இப்படியேதான் பேச்சு ஓடுச்சு. சலிப்புத்தான், ஆனா இங்கிலீஷ் எனக்கே தடுமாறும்ங்கறதால எனக்குப் புரியலீன்னா இன்னொருத்தனுக்கும் புரியாதுன்னு நான் சொன்னத அவரு ஒத்துக்கிட்டு ஒரு வார்த்தைய மாத்துனாரு. நான் சந்தோசத்துல கத்துனதுக்கு என்ற அப்பா வந்து "எவ்ளோ கண்ணு குடுப்பாங்க"ன்னாரு. ஒண்ணும் தரமாட்டாங்கன்னதும் திரும்பி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு.

திருத்தம் மெர்ஜ் ஆகி கார்கோ கோடோட சேந்த உடனே நம்ம மெஷின்ல வந்துராதுங்க. கார்கோ ரெப்போ தனி, ரஸ்ட் ரெப்போவுக்குள்ள அத அப்பப்ப இழுத்துக்குவாங்க, அதுக்கப்பறம் தெனமும் வர்ற சோதனை வெர்ஷன் நைட்லி, அப்பறம் ஆறு வாரம் பீட்டா, அதுக்கும் பொறவுதான் எல்லாருக்குமான ஸ்டேபிள். அவசரப்படறவங்க நைட்லிய ரஸ்டப்புல (ரஸ்ட்ட இன்ஸ்டால் பண்ற டூல்) போட்டுட்டு வேணும்னே டோமல்ல ஒரு தப்பு பண்ணிப் பாருங்க, நான் அப்படித்தான் பாத்தேன், ஃபைல் பேரு வந்துச்சு.