முகக்கவசமும் முகமும்

பெருந்தொற்றுக் காலத்தில் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது எதிரில் நிற்பவர் மேலுள்ள அக்கறை. அடுத்தவர் முகம் ‘கொல்லாதே’ என்று நமக்குக் கட்டளையிடுகிறது என்றார் தத்துவவாதி இமானுவேல் லெவினாஸ். அவர் பேசியது கண், மூக்கு சேர்ந்த தோற்றத்தைப் பற்றியல்ல, எதிரில் நிற்பவர் நம்மிடம் கோரும் பொறுப்பைப் பற்றி. அதனால், கவசம் முகத்தை மறைக்கிறது, அதோடு அறமும் போச்சு என்று வாதிட அவரைத் துணைக்கு அழைப்பது சரியாகப் படவில்லை.

இழப்பு இருக்கத்தான் செய்கிறது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்களுக்குப் பேச்சே அறுந்துவிடும். உள்ளே தெரியும் கவசம் உதவும்தான், ஆனால் மூச்சின் ஈரம் படிந்து மங்கிவிடும்.

மருத்துவமனையில் இன்னும் சிக்கல். தலை முதல் கால்வரை மூடியவர்கள் எல்லாரும் நோயாளிக்கு ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். 2015இல் லைபீரியாவின் எபோலா சிகிச்சை மையங்களில் கலைஞர் மேரி பெத் ஹெஃபர்னன் செய்தது எளிய வேலை: ஊழியரின் சிரித்த முகத்தைப் படமெடுத்து, ஸ்டிக்கராக அச்சிட்டு, பாதுகாப்பு உடையின் மேல் ஒட்டவைத்தார். அடையாள அட்டைப் படம் இதற்குப் போதாது. படுக்கையிலிருந்து பார்த்தால் தெரியாது. ஏப்ரன் போடுவதற்கு முன் நெஞ்சில் ஒட்டினால் படம் மறைந்துவிடும், கடைசியில்தான் ஒட்ட வேண்டும். உடையோடு ஸ்டிக்கரும் குப்பைக்குப் போய்விடும் என்பதால் ஒரே படத்தில் நிறையப் பிரதிகள் தேவை.