அப்பம்மாவின் கல்லும் விலங்கியல் மிஸ்ஸும்

எங்கள் பள்ளிக்கூட நினைவு மலர்க்குழுவிலிருந்து போன் வந்தது. இரண்டு மூன்று பக்கம் எழுதித் தா, பழைய படம் ஏதும் இருந்தால் சேர்த்து அனுப்பு என்றார்கள். படம் ஒன்றுமில்லை. என்னிடம் இருப்பது ஒரு கல். உள்ளங்கை அகலம், மங்கிய வெள்ளை, ஒரு பக்கத்தில் விசிறி மாதிரி வரிவரியாக ஒரு சிப்பியின் தடம். அந்த வரிகளுக்குள் பழைய சந்தனம் காய்ந்து இறுகியிருக்கிறது. லண்டனில் என் குசினி ஜன்னலடியில், கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. 1994இல் உயர்தரப் பரீட்சை எடுத்த எங்கள் வகுப்புக்காரர் யாராவது இதை வாசித்தால் கல் என்றதுமே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

உரும்பிராயில் அப்பப்பா கிணறு வெட்டினபோது வந்த கல் அது. யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டுவதென்றால் மேலே கொஞ்சம் மண், பிறகு முழுக்கச் சுண்ணாம்புக்கல். வெடி வைத்து உடைத்துத்தான் இறங்குவார்கள். அப்படி உடைந்த ஒரு துண்டில் சிப்பியைக் கண்டு அப்பப்பா அதைக் கழுவிக் கொண்டுவந்து சாமியறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். சாமி என்று சொல்லி வைக்கவில்லை, உடையாத இடம் என்று வைத்தார். ஆனால் அப்பம்மா பிள்ளையாருக்குப் பொட்டு வைத்த பிறகு விரலில் மிஞ்சும் சந்தனத்தை இதன்மேல் ஒரு இழுப்பு இழுத்துவிடுவா, தினமும், வருசக்கணக்காக. 1990இல் அவ வெள்ளவத்தைக்கு எங்களிடம் வந்தபோது கொண்டுவந்தது ஒரு சூட்கேஸ், காணி உறுதி, கொஞ்ச நகை, பிறகு இந்தக் கல். பிள்ளையார் பாரமென்று அங்கேயே நின்றுவிட்டார்.

எங்கள் வகுப்பில் ஒருவரை ஒருவர் இருக்கும் இடத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். நான் வெள்ளவத்தை. எனக்கு ஒரு பக்கம் கொட்டாஞ்சேனை, கத்தோலிக்கக் குடும்பம், ஞாயிறு பூசைக்குத் தவறினால் வீட்டில் சோறு கிடையாது. மற்றப் பக்கம் தெமட்டகொடை, முஸ்லிம், அவளுடைய வாப்பா மாணிக்க வியாபாரி. பதினோராம் வகுப்புவரை சமயபாட மணி அடித்ததும் எங்கள் வாங்கு மூன்றாகப் பிரிந்து மூன்று அறைகளுக்குப் போகும், அந்தப் பாடம் முடிய அதே வாங்குக்குத் திரும்பி வந்து விஞ்ஞானக் கொப்பியை விரிக்கும். யாரும் யாரிடமும் அங்கே என்ன படித்தாய் என்று கேட்டதில்லை. உயர்தரத்தில் சமயபாடம் இல்லை. அதனால்தானோ என்னவோ அந்தப் பேச்செல்லாம் விலங்கியலுக்குள் வந்து சேர்ந்தது. (அப்போது தாவரவியல் வேறு, விலங்கியல் வேறு, மொத்தம் நான்கு பாடம். இப்போதைய பிள்ளைகளுக்கு மூன்றுதான், கொடுத்து வைத்தவர்கள்.)

விலங்கியல் மிஸ் வெள்ளிக்கிழமைகளில் விபூதிக் குறியோடு வருவா. கூர்ப்பு தொடங்கியதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். கூர்ப்பு, உயிர்ச்சுவடு இரண்டும் எங்கள் புத்தகச் சொற்கள். தமிழ்நாட்டார் பரிணாமம், புதைபடிவம் என்கிறார்கள், எனக்கு இன்றுவரை கூர்ப்பு என்றால்தான் விளங்குகிறது. முதல் நாளே மிஸ் சன்லைட் சவர்க்காரக் கட்டி ஒன்றை வெந்நீரில் ஊறப்போட்டு இளக்கி, வெள்ளவத்தைக் கடற்கரையில் பொறுக்கின மட்டி ஓட்டை அதில் அமத்தி எடுத்துக் காட்டினா. "ஓடு போயிற்று, அது கிடந்த இடம் இருக்கு. இதுவும் உயிர்ச்சுவடுதான்." அதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று பட்டது. வீட்டுக்கு வந்து சாமியறைக்குள் போய்ப் பார்த்தால், அதே.

திங்கட்கிழமை அப்பம்மாவுக்குத் தெரியாமல் கல்லைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தா. மயோசீன் சுண்ணாம்புக்கல் என்றா. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணம் ஆழமில்லாத கடல், சிப்பியும் முருகைக்கல்லும் நுண்ணுயிர் ஓடுகளும் அடியில் படிந்து படிந்து இறுகினதுதான் இப்போது நீங்கள் கிணறு வெட்டுகிற பாறை, வயது ஒரு கோடி வருசத்துக்கு மேல் என்றா. வகுப்பு ஒரு கணம் பேசாமல் இருந்தது. பிறகு கொட்டாஞ்சேனை "நோவாவின்ர வெள்ளம் மிஸ்" என்றாள். தெமட்டகொடை "நூஹ் நபி" என்றாள். நான் விடுவேனா, ஊழிவெள்ளத்தில் சீர்காழி தோணியாய் மிதந்தது, அதனால்தான் அதற்குத் தோணிபுரம் என்று பேர் என்று எடுத்துவிட்டேன். மூன்று சமயமும் ஒரே வெள்ளத்தில் ஒற்றுமையாகிவிட்டதில் எங்களுக்குப் பெரிய புளுகம். மிஸ் கேட்டது ஒன்றுதான்: "வெள்ளம் வந்து வடிஞ்சு போனால் சிப்பி மேலே கிடக்கும். பாறைக்குள்ளே அடுக்கடுக்காக, பல அடி ஆழத்துக்கு, எப்படிப் போச்சுது?" எங்களிடம் பதில் இல்லை.

அதற்குப் பழிவாங்கத்தான் அடுத்த பாடத்தில் சிவபுராணத்தை எடுத்தேன். "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப் பல்மிருக மாகிப் பறவையாய்ப் பாம்பாகிக் கல்லாய் மனிதராய்" என்று நின்ற நிலையில் பாடிவிட்டு, டார்வினுக்கு ஆயிரம் வருசத்துக்கு முன்னமே மாணிக்கவாசகர் சொல்லிவிட்டார் என்று இருந்தேன். சைவப் பிள்ளைகள் மேசையில் தட்டினார்கள். மிஸ் சிரித்துக்கொண்டே கரும்பலகையில் அந்த ஒழுங்கை எழுதினா. மரத்துக்குப் பிறகு மிருகம், மிருகத்துக்குப் பிறகு பறவை, பாம்புக்குப் பிறகு கல். "கல்லிலயிருந்து மனிசன் கூர்ப்படைஞ்சதோ, வெள்ளவத்தை?" வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அது ஓர் உயிர் பிறந்து பிறந்து இளைத்ததைச் சொல்லுற பாட்டு, இனங்கள் மாறின கதை இல்லை, அதை இதுக்குள்ள இழுத்து ரெண்டையும் கெடுக்காதேங்கோ என்றா. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் கொஞ்சமல்ல. ஆனால் இப்போது வாட்ஸ்அப்பில் வாரத்துக்கொருமுறை தசாவதாரமே கூர்ப்பு, மீன் ஆமை பன்றி என்று வரும்போதெல்லாம் அந்தக் கரும்பலகைதான் ஞாபகம் வருகிறது. எல்லாம் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது என்கிற ஆட்கள் விஞ்ஞானத்தையும் வாசிப்பதில்லை, திருவாசகத்தையும் வாசிப்பதில்லை என்பது என் கட்சி.

தெமட்டகொடை அந்த விளையாட்டுக்கே வரவில்லை. எழுந்து நின்று நேரடியாகச் சொன்னாள்: "மிருகங்கள் மாறினதில எனக்குப் பிரச்சினை இல்ல மிஸ். மனிசன்தான் பிரச்சினை. ஆதம் நபியை அல்லாஹ் மண்ணால படைச்சான். சோதினைக்கு எழுதுவன், ஆனா நம்பமாட்டன்." பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்று ஆசிரியரின் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னதை நான் அதுவரை கண்டதில்லை. மிஸ் கோபிக்கவில்லை. "நம்பாட்டிப் பரவாயில்லை. விளங்காமல் நம்பாமல் விடாதேங்கோ" என்றுவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தா. அவளுக்கு விலங்கியலில் ஏ. பொதுமூதாதை என்பது குரங்கு மனிதனாக மாறியது அல்ல, இருவரும் ஒரு பழைய கொடியிலிருந்து பிரிந்த கிளைகள் என்பதை எங்களுக்கு இடைவேளையில் திருப்பித் திருப்பி விளங்கப்படுத்தினதும் அவள்தான்.

1993 கடைசியில் நூதனசாலைக்குக் கூட்டிப்போனார்கள். கல்லையும் கொண்டுவரச் சொன்னா மிஸ். அந்த வருசம் மே மாதம் ஜனாதிபதி பிரேமதாச கொல்லப்பட்ட பிறகு கொழும்பில் சோதனை கூடியிருந்தது, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வழியில் மறித்துப் புத்தகப்பையைத் திறக்கச் சொன்னார்கள். ஆமிக்காரப் பெடியன், எங்களைவிட இரண்டு மூன்று வயது கூட இருப்பான். பேப்பரில் சுற்றியிருந்த பாரமான சாமானைக் கையில் எடுத்து "மே மொனவத?" என்றான், இது என்ன என்று. எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. "கலக்" என்றேன், கல் என்று. பள்ளிக்கூடப் பையில் கல் எதற்கு? பேப்பரைப் பிரித்தான், திருப்பினான், சிப்பியைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. "பெல்லெக்!", சிப்பி என்று மற்றவனைக் கூப்பிட்டான். இருவரும் வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள், நகத்தால் வரியைச் சுரண்டினார்கள், சந்தனம் விரலில் ஒட்டியது. பிறகுதான் எங்கேயிருந்து எடுத்தது என்ற கேள்வி. யாழ்ப்பாணம் என்று எப்படிச் சொல்வது? நான் பேசாமல் நிற்க, பின்னாலிருந்து மிஸ் அமைதியாக "முஹுதென்" என்றா. கடலிலிருந்து. அவன் தலையாட்டிக் கல்லைத் தந்தான். பஸ்ஸுக்குள் ஏறின பிறகு மிஸ் என் காதுக்குள், "பொய் சொல்லேல்லைத்தானே" என்றா.

நூதனசாலையில் திமிங்கில எலும்புக்கூட்டின் கீழ் நின்று வாய்பார்த்தது ஞாபகம் இருக்கிறது, மற்றக் கண்ணாடிப் பெட்டிகள் ஞாபகமில்லை. மிஸ் வெளியே ஆலமரத்தடியில் இருத்திச் சொன்னதுதான் நின்றுவிட்டது. 1939 முதல் 1963 வரை நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்தவர் பி. ஈ. பி. தெரணியகல. இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டுகிறவர்கள் இல்லம் என்று சொல்லும் சரளைப் படைக்குள் எலும்பும் பல்லும் வரும். அவற்றைக்கொண்டு இந்தத் தீவில் ஒருகாலம் நீர்யானையும் காண்டாமிருகமும் இருந்தன என்று காட்டியவர் அவர். சிங்கமும் இருந்தது, அதற்குச் சாட்சி குருவிட்ட பக்கம் கிடைத்த பல். ஒரு நாட்டின் கொடியில் வாளோடு நிற்கும் மிருகத்துக்கு மண்ணுக்குள் இருந்த ஆதாரம் பல்தான் என்பதில் எங்களுக்கு ஒரு குறும்புச் சந்தோசம், மிஸ் கண்ணால் அடக்கினா. 1955இல் இந்தத் தீவின் ஆதி மனிதரான பலாங்கொடை மனிதனுக்குப் பெயர் வைத்ததும் அவரே; அவருடைய மகன் சிரான் தெரணியகல பிறகு பாடதொம்பலென குகையைத் தோண்டினார். பலாங்கொடை மனிதர்கள் எங்களைப் போன்ற முழு மனிதர்கள், வேறு இனமில்லை.

திரும்பி வரும்போது தெமட்டகொடை பேசவேயில்லை. அன்றைக்குப் பின்னேரம் எங்கள் இருவரையும் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவளுடைய வாப்பா வட்டிலப்பம் வைத்துத் தந்துவிட்டுக் கதை கேட்டார். இல்லத்துக்குள் வரும் ஆனைப்பல், கருகின எலும்பு எல்லாம் அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்; கிடங்கில் வேலை செய்கிறவர்கள் ஒதுக்கிப் போடுவார்களாம். களுகங்கை எங்கே தொடங்குகிறது தெரியுமா என்று கேட்டார். பாவாதமலையில். ஆதம் நபி இறங்கின மலை, அவர் அழுத கண்ணீர்தான் மாணிக்கமானது என்று கிழவர்கள் சொல்வார்கள், அது கதை, ஆனால் மலை மலைதான் என்றார். 1344இல் பயணி இப்னு பதூதா அந்த மலையில் ஏறினதையும் அவர்தான் சொன்னார். நான் உடனே அந்த மலைக்கு எங்கள் பேர் சிவனொளிபாதம் என்றேன், அவர் சிரித்தார். பிறகு என் கல்லை வாங்கி, கண்ணுக்கு வில்லை வைத்து, நீலக்கல் பார்ப்பதுபோலவே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இதுக்கு வெல இல்ல மகள்" என்றார். ஒன்றுக்கும் உதவாது என்கிறாரா, மதிப்பிட முடியாது என்கிறாரா என்று தெமட்டகொடையும் நானும் இன்றைக்கும் பிடுங்குப்படுகிறோம்.

கொட்டாஞ்சேனையின் விசயம் சுருக்கம். 1995 ஜனவரியில் பாப்பரசர் காலிமுகத்திடலுக்கு வந்து யோசேப்பு வாஸ் அடிகளை அருளாளராக்கினபோது அவள் விடியவே போய் வெயிலில் நின்று மயங்கி விழுந்தாள். அடுத்த வருசம் ஒக்டோபரில் அதே பாப்பரசர் கூர்ப்பு வெறும் கருதுகோளைவிட மேலானது என்று விஞ்ஞானிகளுக்கு எழுதியது செய்தியாக வந்தது. லண்டனுக்கு எனக்கு எயர்மெயில் வந்தது, ஒரே வரி: "இனி நான் மிஸ்ஸின்ர கட்சி." பீக்கிங் மனிதனைத் தோண்டின இடத்தில் வேலை செய்த யேசுசபைக் குரு தெய்யார் த ஷார்தனைப் பற்றி அவர்களுடைய ஃபாதர் முன்னமே சொல்லியிருந்தாராம், இவள்தான் பாப்பரசர் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். நல்லவள், ஆனால் மேலிடத்து உத்தரவு இல்லாமல் ஒன்றும் செய்யமாட்டாள்.

தெமட்டகொடை இப்போது டொக்டர், ரொறொன்ரோவில். 2020இல் பாஹியங்கல குகையில் 48,000 வருசத்துக்கு முந்திய எலும்பு அம்புமுனைகள் பற்றிய செய்தியை எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு முதலில் அனுப்பியது அவள்தான். கீழே எழுதியிருந்தாள்: "வாசிச்சன். விளங்கிச்சுது. இன்னும் நம்பேல்ல." மிஸ்ஸையும் அந்தக் குழுவில் சேர்த்திருக்கிறோம், மெல்பேர்னில் மகனோடு இருக்கிறா, எண்பதைத் தாண்டிவிட்டா. மிஸ் பெருவிரல் ஒன்றைப் போட்டா.

இந்தக் கட்டுரைக்காகக் கல்லைப் படம் எடுத்துப் போன வாரம் மிஸ்ஸுக்கு அனுப்பினேன். குரல் பதிவு வந்தது, அதே குரல், கொஞ்சம் நடுக்கம். "வெள்ளவத்தை, வரிகள் வடிவாத் தெரியேல்லை. என்ன சிப்பி எண்டு பார்க்கவேணும். சந்தனத்தைக் கழுவிப்போட்டு இன்னொருக்கா எடுத்து அனுப்புங்கோ." மகள் பழைய பல் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆறு நாளாகிறது, இன்னும் எடுக்கவில்லை.