மளிகைக் கணக்கில் அத்தையின் கூலி

தை கடைசி

மளிகைச் சீட்டைப் பார்த்து முகம் சுளிப்பது எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை நடக்கும் சடங்கு. நான் தர்மபுரியில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஊரார் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிறவனுக்குத் தன் வீட்டுக் கணக்கு மட்டும் உதைக்கிறது என்பதில் என் மனைவிக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு. இந்த மாதச் சீட்டில் புளி கிலோ 180 ரூபாய். சாலையோரப் புளிய மரங்களை வருடா வருடம் ஏலம் விடுகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு, பிளாஸ்டிக் பொட்டலத்தில் புளி வாங்குவதா என்று ரோஷம் வந்துவிட்டது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, செலவு, மிச்சம் என்று கோடு போட்டேன். வீட்டில் செய்ய முடிந்ததையெல்லாம் செய்து ஆடி வரை எழுதிப் பார்ப்பது என்று முடிவு.

பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, போன் செய்தேன்.

"புளிக்கு நான் சொல்லி வைக்கிறேன் மாப்பிள்ளை. தட்டுவது யார்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியின் கனம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மாசி

ஓடு நீக்கிய கொட்டைப்புளி 20 கிலோ வந்து இறங்கியது. கிலோ 55 வீதம் 1,100 ரூபாய். பின்னாலேயே அத்தையும் வந்து இறங்கினார், ஒரு சின்னச் சுத்தியலும் கையுமாக. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மாசி, பங்குனியில் திண்ணைதோறும் டக் டக் என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பெண்கள் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிப் புளி தட்டுகிற சத்தம் அது. சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம்தான். அதன் பின்னால் ஒரு முதுகு இருக்கிறது என்று இந்த மாசியில்தான் தெரிந்தது.

முதல் நாள் மாலை, அலுவல் முடிந்து வந்து நேராக உட்கார்ந்து தட்டினேன். புளி சுத்தியலில் ஒட்டியது, கல்லில் ஒட்டியது, கொட்டையை மட்டும் விடவில்லை. அத்தை அரை மணி நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வெயில் காட்டினீர்களா?" என்று கேட்டார். மறுநாள் மொட்டை மாடியில் பாய் விரித்து நாள் முழுக்கக் காயவைத்த பிறகு நிலைமையே வேறு. காய்ந்த புளியை விளிம்பில் நிறுத்தி ஒரு தட்டுத் தட்டினால் கொட்டை தானாகத் தெறிக்கிறது. பிறகு நாரை ஒரே இழுப்பில் உருவிவிடலாம். நான் இரண்டு தட்டுகிற நேரத்தில் அத்தை ஆறு தட்டினார். விரலில் சின்னக் கீறல் இருந்தாலும் புளி அதைத் தேடிப் போய் எரிய வைக்கும் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

நான்கு நாள், இரண்டு பேர், நாளுக்கு மூன்று மணி நேரம். கிடைத்தது 11 கிலோ புளி, 7 கிலோ கொட்டை. மீதி நாரும் காய்ந்து போன ஈரமும். கொட்டையை வீணாக்க வேண்டியதில்லை. துணிக்குக் கஞ்சி போடும் பசைமாவு அதிலிருந்துதான் எடுக்கிறார்கள் என்பதால் அதற்கென்றே வியாபாரிகள் இருக்கிறார்கள். 84 ரூபாய் கிடைத்தது. ஆக, கிலோ 100 ரூபாய்க்குப் புளி. கடை விலையோடு ஒப்பிட்டால் 880, கொட்டைக் காசையும் சேர்த்தால் 964 ரூபாய் மிச்சம். பெருமையாக நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

அத்தை எட்டிப் பார்த்தார். "என் கூலி எந்தப் பக்கத்தில் இருக்கிறது மாப்பிள்ளை?"

வகுத்துப் பார்த்தேன். இரண்டு பேருக்குமாக 24 மணி நேரம். மணிக்கு 40 ரூபாய். அதிலும் முக்கால் பங்கு வேலை அவருடையது. நோட்டில் மூன்றாவதாக ஒரு கோடு போட்டு, மேலே 'கூலி' என்று எழுதினேன்.

சேமித்து வைப்பதில் ஒரு கோளாறு நடந்தது. மண்பானை வாங்கி வரும் வரைக்கும் என்று, உப்புப் போட்ட புளியில் கொஞ்சத்தை ஒரு பழைய அலுமினியப் பாத்திரத்தில் அமுக்கி வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பாத்திரத்தின் உட்புறம் அம்மைத் தழும்பு விழுந்தது போலக் குழி குழியாக இருந்தது. புளியின் அமிலமும் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிட்டன. அந்த அரைக் கிலோவும் குப்பைக்குப் போனது. மீதியைப் பானையில் ஓர் அடுக்குப் புளி, ஓர் அடுக்குக் கல் உப்பு என்று கெட்டித்து, வாயைத் துணியால் கட்டினோம். கிலோவுக்கு ஒரு கைப்பிடி உப்பு என்று அத்தை சொன்னார். யார் கைப்பிடி என்று நான் கேட்கவில்லை. ஆடி வரைக்கும் பானையைத் திறக்கக் கூடாது, புதுப் புளி உடம்புக்குச் சூடு என்பது அவர் போட்ட கட்டளை.

பங்குனி

கேழ்வரகு. இதில் பெரிய கதை இல்லை. 2023 முதல் எங்கள் மாவட்டத்து ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம். களி கிண்டியது போக மிஞ்சியதை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் இறுகக் கட்டித் தொங்கவிட்டேன். முதல் முறை நீரைச் சரியாக வடிக்காததால் மூட்டை நாறிவிட்டது. இரண்டாம் முறை ஒன்றரை நாளில் வெள்ளை வெள்ளையாக முளை விட்டது. நிழலில் உலர்த்தி, வாசம் வரும் வரை லேசாக வறுத்து, மில்லில் கொடுத்தேன். பெரிய எழுத்தில் 'சத்து' என்று போட்டு விற்கிற பொட்டலங்களின் விலையில் கால் பங்குதான் ஆயிற்று. எனக்கு முன்னால் நின்றவர் மிளகாய் அரைத்துக்கொண்டு போனதை மட்டும் கவனிக்கத் தவறிவிட்டேன். மறுநாள் காலை பாலில் கரைத்த கஞ்சியைக் குடித்த மகன் தண்ணீர்க் குடத்தைத் தேடி ஓடினான். முதல் அரைக் கிலோ மாவைக் கார அடையாகத் தட்டித் தீர்த்தோம்.

பங்குனி கடைசி

பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கம் தக்காளி விலை விழுந்துவிட்டது என்று கடைக்கு வந்த லாரி ஓட்டுநர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இராயக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். சாலையோரத்தில் ஒருவர் கொட்டிவிட்டுப் போயிருந்த தக்காளியை மாடுகள் தின்றுகொண்டிருந்தன. பறிக்கிற கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்றால் விவசாயி வேறு என்ன செய்வார்? ஒரு கிரேட் பெட்டி 150 ரூபாய்க்குக் கொடுத்தார்கள், எடை 24 கிலோ. 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டிய அதே தக்காளிதான். அன்றைக்கு இந்த ஒரு கிரேட்டின் விலை 2,400 ரூபாய்க்கு மேல். மலிவாக வாங்கிய மகிழ்ச்சியை முழுதாக அனுபவிக்க முடியவில்லை. பணம் கொடுத்தபோது அந்த மனிதரின் முகத்தைப் பார்க்காமல் வந்தேன்.

பத்துக் கிலோ தொக்குக்கு. கொல்லையில் விறகு அடுப்பு மூட்டி, மூன்றரை மணி நேரம் கிண்டினேன். தக்காளி என்பது தோல் போர்த்திய தண்ணீர். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். முதல் இரண்டு மணி நேரம் எதுவும் நடக்காதது போல இருக்கும். அடுத்த அரை மணியில் சுண்டத் தொடங்கும். கடைசி அரை மணியில் எரிமலை போலத் தெறிக்கும். முழுக்கைச் சட்டை அவசியம். எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்போது இறக்க வேண்டும். அதற்கு முன் இறக்கினால் ஈரம் இருக்கும், பூஞ்சை பிடிக்கும். கிடைத்தது இரண்டரைக் கிலோ.

கணக்கு இப்படி: தக்காளி 62 ரூபாய். நல்லெண்ணெய் 600 மில்லி, 250 ரூபாய். மிளகாய்த் தூள், வெந்தயம், கடுகு, உப்பு எல்லாம் 60. தக்காளித் தொக்கில் விலை குறைந்த சரக்கு தக்காளி! மொத்தம் 372. கடையில் 300 கிராம் பாட்டில் 110 ரூபாய் என்றால், எட்டு பாட்டிலுக்கு 880. மிச்சம் 508 என்று எழுதப் போனேன்.

"நாம் என்றைக்கு எட்டு பாட்டில் தொக்கு வாங்கியிருக்கிறோம்?" என்று மனைவி கேட்டாள்.

வருடத்துக்கு இரண்டு வாங்கியிருப்போம். அவ்வளவுதான். வாங்காத பொருளில் மிச்சம் பிடிப்பது கணக்கில் சேராது என்பது கணக்கு எழுதுகிற எனக்கே தோன்றவில்லை. 508-ஐ அடித்துவிட்டேன். அந்த இரண்டு பாட்டிலின் 220 போக, உண்மையில் 152 ரூபாய் கூடுதல் செலவு. ஆனால் காலையில் இட்லிக்குச் சட்னி அரைக்கிற வேலை ஒரு மாதம் குறைந்தது. அதை எந்தக் கோட்டில் எழுதுவது?

பன்னிரண்டு கிலோவை இரண்டாக நறுக்கி, உப்புத் தூவி வற்றல் போட்டேன். முதல் ஆறு கிலோ நான்கு வெயிலில் தோல் செருப்பு மாதிரி சுருங்கி 350 கிராம் ஆனது. சாம்பாருக்கு நான்கு துண்டு போதும், நல்ல புளிப்பு. இரண்டாவது ஆறு கிலோ பாதி காய்ந்திருக்கும்போது, நான் கடையில் இருந்த ஒரு மாலையில் கோடை மழை வந்து மொட்டை மாடியைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. மழைக்கு ஏங்குகிற ஊரில் பிறந்துவிட்டு மழையைத் திட்ட வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பசு சாப்பிட்டது.

சித்திரை

சோப்பு. இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும்.

தேங்காய் எண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 87 கிராம், தண்ணீர் 180 கிராம். 500 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற 91 கிராமுக்குச் சற்று மேல் சோடா வேண்டும். ஐந்து சதவிகிதம் குறைத்துப் போட்டால் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சி, தோலைக் காக்கும். எடைத் தராசு இல்லாமல், கண் மதிப்பில் இதைச் செய்யவே கூடாது. தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துச் சீறும். கையுறை, கண்ணாடி, திறந்த வெளி, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரம். பாத்திரம் எவர்சில்வர். புளியின் அமிலம் தின்ற அதே அலுமினியத்தைக் காஸ்டிக் சோடாவின் காரமும் தின்னும், அதுவும் நிமிடங்களில். அந்தக் குழி விழுந்த பாத்திரத்தைப் பார்த்த பிறகு இதை எனக்கு யாரும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சோடா நீரை எண்ணெயில் கலந்து கிண்டினேன், கூழ் கெட்டியானது, அச்சில் ஊற்றினேன், மறுநாள் ஏழு கட்டிகள் வெட்டினேன். நான்கு வாரம் காற்றாட வைத்தேன். அழகாகத்தான் இருந்தன. எண்ணெய் லிட்டர் 450 ரூபாய் விற்கிற நேரத்தில் ஒரு கட்டி அடக்க விலை 39 ரூபாய் ஆயிற்று. கடையில் அதே விலைக்கு வாசனையோடு கிடைக்கிறது.

இன்னொன்று. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. அதில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து பால் திரிந்தாற்போல ஆகிவிடுகிறது. வாளியின் ஓரமெல்லாம் சாம்பல் நிறப் படிவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற அன்று மட்டும் அதே கட்டி நுரைத்துத் தள்ளியது. ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீருக்கு மாற்றாக 2013-இல் வந்த காவிரித் தண்ணீர் அது. குடிக்க வந்த தண்ணீரில் சோப்பைச் சோதித்துப் பார்க்கிறாயே என்று என்னை நானே கேட்டுக்கொண்டு நிறுத்தினேன்.

வைகாசி

சோப்பு விட்ட இடத்தைப் பூந்திக்கொட்டை பிடித்தது. அதன் நுரை கடின நீரில் திரிவதில்லை. நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ வாங்கி, கொட்டையை நீக்கிவிட்டு, தோலை ஒரு கைப்பிடி இரவெல்லாம் ஊறவைத்துக் கொதிக்கவிட்டால் ஒரு லிட்டர் பழுப்பு நீர் கிடைக்கிறது. முதலில் நான்கு லிட்டர் செய்து வைத்தேன். ஐந்தாம் நாள் சமையலறையில் கள்ளுக்கடை வாசம். அதிலிருந்து மூன்று நாளைக்கு ஒரு லிட்டர்தான். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அதிகம் என்றால் இது போதாது, சாம்பலும் வேண்டும். பட்டுச் சேலைக்கும் நகைக்கும் அருமையாக இருக்கிறது. பொற்கொல்லர்கள் நகை கழுவ இதைத்தான் வைத்திருப்பார்கள். பித்தளை விளக்கைத் துலக்கப் புளி தட்டியபோது ஒதுக்கிய நாரும் சக்கையும் போதும். இந்த மாதம் பாத்திரச் சோப்பில் 60 ரூபாய் குறைந்தது. கூலிக் கோட்டில் என் பெயர் மட்டும்.

ஆனி

கிருஷ்ணகிரிப் பக்கம் உறவினர் தோப்பில் காற்றுக்கு உதிர்ந்த பெங்களூரா மாங்காய் ஒரு மூட்டை. இலவசம். நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு, பகலில் வெயில், இரவில் மறுபடி அதே உப்பு நீர் என்று நீர் வற்றும் வரை மாற்றி மாற்றிப் போட்டோம். இந்த முறை மழை மேகம் தெரிந்ததும் பக்கத்து வீட்டு அம்மாவே மாடி ஏறி எடுத்து வைத்துவிட்டார். பசு ஏமாந்திருக்கும்.

ஆடி 18

பெருக்குக்கு ஒகேனக்கல் போவதாக ஏற்பாடு. கட்டுச்சோற்றுக்காகப் பானையைத் திறந்தோம். புளி கருத்து, பிசுபிசுப்பாக, பழைய புளியின் வாசத்தோடு இருந்தது. அத்தை ஒரு துளி கிள்ளி நாக்கில் வைத்தார். நான் நோட்டோடு நின்றேன். மொத்தக் கணக்கு அப்போது இப்படி இருந்தது: புளியில் 964, அதில் குப்பைக்குப் போன அரைக் கிலோவுக்கு 90 கழித்தால் 874. தக்காளியில் நட்டம், சோப்பில் ஒன்றுமில்லை, கேழ்வரகிலும் பூந்திக்கொட்டையிலும் சில்லறை.

"உப்பு தூக்கல் மாப்பிள்ளை. உங்கள் கைப்பிடி பெரிது," என்றார் அத்தை. "வருடம் முழுக்கக் குழம்புக்கு உப்பைக் குறைத்துப் போடுங்கள்."

உப்பில் மிச்சம் என்று ஒரு வரி எழுதலாமா என்று மனைவியைக் கேட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். புளிச்சோற்றுத் தூக்கை என் கையில் கொடுத்துவிட்டு, நோட்டை வாங்கிப் பரணில் வைத்தாள். அதற்கு முன் 'கூலி' என்ற கோட்டின் கீழ் அத்தையின் பெயருக்கு நேரே 874 என்று எழுதியிருந்தேன். சுங்குடிச் சேலை வேண்டும் என்று அத்தை பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தார்.